ஓடுதளம் இருந்தால் விமானம் வந்துவிடுமா?

(சேலத்தில் நடந்த பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விமான நிறுவனம் ஒன்றில் கால அட்டவணை போடும் பிரிவில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். ஊருக்கு வந்த நாளிலிருந்து டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். "ஏங்க, காமலாபுரத்துல ஏர்போர்ட் இருக்கு, ஏன் பிளைட் நிக்கவே மாட்டேங்குது?" இன்றைக்கு மைக் கையில் கிடைத்திருக்கிறது. பதில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். நிலையம் 1990களிலேயே வந்துவிட்டது. 2009 நவம்பரில் கிங்ஃபிஷர் சென்னைக்கு ஓட்டியது. அந்த நிறுவனமே 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியது. சேலம் சேவை அதற்கு முன்பே நின்று போயிற்று. பிறகு வருடக்கணக்கில் வெறும் ஓடுதளம். 2018 மார்ச் 25-ஆம் தேதி உடான் திட்டத்தில் ட்ரூஜெட் வந்தது. கொரோனா வந்து எல்லாவற்றையும் கலைத்தது. சேலம் சேவை நின்றது, 2022-இல் அந்த நிறுவனமும் நின்றது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர், இண்டிகோ இரண்டும் வந்தன. நிற்பதும் வருவதுமாக நம் ஊருக்கு இது பழகிப்போன விஷயம்.

இது சேலத்தின் ராசி என்று நினைக்காதீர்கள். 2023-இல் தணிக்கைத் துறை வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். உடானின் முதல் மூன்று சுற்றுகளில் 774 வழித்தடங்கள் ஒதுக்கப்பட்டன. அதில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371-இல் மூன்று வருட சலுகைக் காலத்தை முடித்தவை 112. சலுகை முடிந்த பிறகும் 2023 மார்ச் வரை ஓடிக்கொண்டிருந்தவை 54. நூற்றுக்கு ஏழு! நம் பரீட்சை ரிசல்ட்டே பரவாயில்லை.

சலுகை என்றால் சும்மா இல்லை. பாதி இருக்கைகளை மலிவுக் கட்டணத்தில் கொடுக்க வேண்டும்; ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்பதுதான் ஆரம்பத்தில் சொன்ன கணக்கு. அதனால் விழும் துண்டை மூன்று வருடத்துக்கு அரசு கொடுக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கு மாநில அரசுடையது. தரையிறங்கும் கட்டணம் கிடையாது. எரிபொருள் மீதான மாநில வரி ஒரு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. இத்தனை கொடுத்தும் நிற்கவில்லை என்றால், கோளாறு வேறு எங்கேயோ இருக்கிறது.

எங்கே? நேரத்தில் இருக்கிறது என்பது என் கட்சி.

சின்ன ஊருக்கு வரும் ஏ.டி.ஆர். விமானம் ராத்திரி தங்குவது சென்னையிலோ பெங்களூரிலோ, ஹைதராபாத்திலோதான். மெக்கானிக், உதிரிபாகம், பைலட் ஓய்வு எல்லாம் அங்கே. காலையில் அங்கிருந்து கிளம்பி, நாள் முழுக்க ஊர் ஊராகச் சுற்றினால்தான் அதற்குக் கட்டும் வாடகை தேறும். இதில் நமக்குக் கிடைப்பது நடுவில் ஒரு இடைவெளி. 2018-இல் வந்த விமானம் முற்பகலில் வந்து, முற்பகலிலேயே கிளம்பும். செவ்வாய்ப்பேட்டை வியாபாரி ஒருவர் அதில் சென்னை போனால் மீனம்பாக்கத்தில் இறங்கும்போது மத்தியானச் சாப்பாட்டு நேரம். வேலையை முடித்தால் திரும்ப விமானம் மறுநாள்தான். லாட்ஜ் செலவு வேறு. ஏற்காடு எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறிப் படுத்தால் விடியற்காலை சென்னை; அன்றைக்கு ராத்திரியே திரும்பிவிடலாம், லாட்ஜும் வேண்டாம். 2023 ஏப்ரலில் வந்தே பாரத் வேறு வந்து, நாலு மணி நேரத்தில் கொண்டுபோய் விடுகிறது. ஐம்பது நிமிட விமானம் அதோடு போட்டி போட முடியுமா? காமலாபுரம் போகும் நேரம், செக்-இன், அங்கே இறங்கி ஊருக்குள் போகும் நேரம் எல்லாம் கூட்டிப் பாருங்கள். டிக்கெட் விலையைக் குறைத்தால் மட்டும் இந்தக் கணக்கு மாறாது.

அடுத்தது வானிலை. ஐ.எல்.எஸ். போன்ற கருவிகள் இல்லாமல் கண்ணால் பார்த்து இறங்க வேண்டிய நிலையங்களில் ஐந்து கிலோமீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மார்கழிப் பனியில் அதை எங்கே போய்த் தேடுவது? ரத்தான விமானத்துக்கு டிக்கெட் வாங்கியவர், அடுத்த முறை சத்தமில்லாமல் ரயிலுக்குப் போய்விடுவார். ஓடுதளம் நம்முடையது சுமார் 1,800 மீட்டர். ஏ.டி.ஆருக்கு இது தாராளம். சித்திரை வெயிலில் காற்று லேசாகிவிடும், கிளம்ப அதிக தூரம் ஓட வேண்டும். அதனால் ஏர்பஸ் போன்ற பெரிய ஜெட் முழுப் பாரத்தோடு கிளம்ப இது போதாது. "ஓடுதளத்தை நீட்டினால் எல்லாம் சரியாகிவிடும்" என்று மேடையில் பேசுவது சுலபம். நிலம் யாருடையது, அங்கே என்ன விளைகிறது என்று கேட்டுவிட்டுப் பேச வேண்டும். எழுபது பேர் உட்காரும் விமானமே நிரம்பாத ஊருக்கு நூற்றெண்பது இருக்கை எதற்கு என்பதும் என் சந்தேகம்.

இப்போது ஒரு விஷயம் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. விமானம் வேண்டும் என்று மனு எழுதிய கூட்டத்தில் நானும் இருந்தேன். ஆங்கிலத்தில் திருத்திக் கொடுத்ததே நான்தான். இந்த அரங்கில் முதல் இரண்டு வரிசையில் இருக்கும் பலர் கையெழுத்துப் போட்டார்கள். விமானம் வந்தது. முதல் நாள் மாலை போட்டோம், போட்டோ எடுத்தோம், லட்டு கொடுத்தோம். அதற்கப்புறம் ஒரு வருடத்தில் நான் அதில் ஏறியது மூன்று தடவை. ரயிலில் போனது எத்தனை தடவை என்று கணக்கே இல்லை. "எப்ப வேணா போய்க்கலாம், அது இங்கதானே இருக்கு" என்ற நினைப்பு. நின்ற அன்று எனக்கு வருத்தமாக இருந்தது என்று சொல்ல வாய் வரவில்லை; வெட்கமாக இருந்தது.

அந்த மனுவில் நாங்கள் எழுதாத ஒன்றும் உண்டு. வெள்ளிக்கொலுசு, ஜவ்வரிசி, ஜவுளி, உருக்காலை என்று பெருமையெல்லாம் எழுதினோம். செவ்வாய்க்கிழமை காலையில் இங்கிருந்து எத்தனை பேர், எந்த ஊருக்கு, எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ஒரு வரி இல்லை. அட்டவணை போடுகிறவன் மேஜையில் அந்த ஒரு வரிக்குத்தான் மதிப்பு. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதவில்லை, பெருமை எழுதினால் போதும் என்று விட்டுவிட்டேன்.

ஆகவே தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேலை. இறுதியாண்டில் ப்ராஜெக்ட் தேடி அலைவீர்கள் அல்லவா? நாலு பேர் சேருங்கள். ஜங்ஷனில் ராத்திரி ரயில் ஏறுகிறவர்களிடம், பெங்களூர் பஸ்ஸில் ஏறுகிறவர்களிடம், கோவைக்கு டாக்ஸி பிடித்து அங்கிருந்து விமானம் ஏறுகிறவர்களிடம் போய்க் கேளுங்கள். எங்கே போறீங்க, எத்தனை மணிக்கு அங்க இருக்கணும், எப்ப திரும்பணும். மூன்று கேள்வி போதும். வார நாளும் கேளுங்கள், சனி ஞாயிறும் கேளுங்கள், ஆடியிலும் கேளுங்கள், தையிலும் கேளுங்கள். டீ, பஸ் செலவு என் பொறுப்பு. அந்தத் தாளை எந்த மேஜைக்குக் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், நானே கொண்டுபோகிறேன்.

முன்வரிசை நண்பர்களே, உங்களிடம்தான் முதலில் கேட்பார்கள். உண்மையைச் சொல்லுங்கள். பின்னால் சமையல்காரர் கை காட்டுகிறார், இலை போட்டாயிற்றாம்.