அட்டைப்பெட்டியின் பின்பக்கம்

(அத்திப்பட்டில் நடந்த ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரை)



உணவுப் பாதுகாப்பு என்றதும் கலப்படம்தான் நினைவுக்கு வரும். நான் பேச வந்தது லேபிளைப் பற்றி.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏப்ரலில், ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி இரண்டு நாளாக வரவில்லை. வீட்டுக்குப் போனேன். வயிற்றுப்போக்கு. "ஓ.ஆர்.எஸ். வாங்கிக் குடுத்துட்டுதான் இருக்கேன் சார், நிக்கவே மாட்டேங்குது" என்றார் அம்மா. காட்டியது ஆரஞ்சு சுவையில் 200 மி.லி. பெட்டி. முகப்பில் பெரிதாக அந்த மூன்று எழுத்து. இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் ஓ.ஆர்.எஸ். அல்ல என்று பின்னால் எறும்பளவில், ஆங்கிலத்தில்! சர்க்கரை 20 கிராமுக்கு மேல்.

உண்மையான கரைசலில் லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம்தான், 200 மி.லி.க்கு 2.7 கிராம். (ஏழாம் வகுப்புக்கு நல்ல விகிதக் கணக்கு.) சர்க்கரை மிகுந்தால் அது குடலுக்குள் நீரை இழுக்கும், போக்கு கூடும். காசு கொடுத்து வாங்கியதே பிள்ளையை வாட்டியது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனோம், தேறினாள்.

அந்த அம்மா மீது குற்றமில்லை. அப்படி அச்சிட அன்று அனுமதியே இருந்தது. 2022 ஏப்ரலில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் இந்தப் பெயரைத் தடுத்தது; ஜூலையிலேயே, மறுப்பு வாசகம் போட்டால் போதும் என்று தளர்த்தியது. ஐதராபாத் குழந்தைநல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் விடாமல் போராடினார். 2025 அக்டோபர் 14 அன்று அந்தத் தளர்வு ரத்தானது. பழைய சரக்கை விற்கக் கேட்டு ஒரு நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. நீதிமன்றம் தலையிட மறுத்தது. பிழையான லேபிளுக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கடைக்கும் அதிகாரி வர முடியுமா? பிள்ளைகள் போவார்கள். காலி உறைகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். முகப்பை மூடிவிட்டுப் பின்பக்கத்தை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். சந்தேகமானதை மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கு வகுப்பாகவே கடிதம் எழுதலாம். கடிதப் பயிற்சிக்கு விடுப்பு விண்ணப்பமே எத்தனை காலம்!

பள்ளி முதலுதவிப் பெட்டியில் சுகாதார நிலையத்து ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கைந்து இருக்கட்டும். ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் ஒரு லிட்டர் நீரிலேயே கரைக்க வேண்டும், தம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாக அல்ல. கலக்கியதை 24 மணி நேரத்துக்குப் பின் கொட்டிவிடுங்கள்.