சீதனக் காணியும் ஒரு கையொப்பமும்



1945இல் வந்த இலவசக் கல்வியின் பயனை நன்கு பெற்றவர்கள் நாம். இன்று நம் நாட்டின் பல்கலைக்கழக மாணவரில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். எனினும் வேலை செய்யும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவரே தொழிற்படையில் இருக்கிறார்.

பிள்ளையை யார் பார்ப்பது, நோயாளியை யார் பார்ப்பது என்ற கேள்விகளுக்கு வீட்டில் எப்போதும் நாமே விடை. இது நாம் அறிந்த காரணம். நாம் அதிகம் பேசாத இன்னொன்றும் உண்டு.

தேசவழமையின்படி சீதனக் காணி பெண்ணின் சொத்து. ஆனால் அதை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்றது 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். கணவன் உடனிருந்தால் அது ஒரு கையொப்பம். போரில் கணவன் காணாமற்போன நம் தோழியருக்கோ, அதற்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி தேவைப்பட்டது. சொந்தக் காணியை ஈடுவைத்துத் தையற்கடை போட நினைப்பவளுக்குக் கடனுக்கு முன்னே வழக்குச் செலவு. தேடலின் துயரோடு இந்த அலைச்சலும் சேர்ந்தால் உடலும் மனமும் என்னாகும்?

நமது சங்கத்தில் சட்டத்தரணிகளும் நொத்தாரிசுகளும் வங்கி அலுவலர்களும் இருக்கிறோம். மாதம் ஒரு நாள் இங்கே கூடி, உறுதியோடு வரும் பழைய மாணவிக்கு வழி சொல்வோம். மகளுக்குச் சீதனம் எழுதும்போது அந்த உறுதியை அவளே வாசித்து விளங்கிக்கொள்ளச் செய்வோம். இரண்டாம் நூற்றாண்டின் முதற் பணி இதுவாகட்டும்.