அவங்க மனசு
(குலசேகரன்பட்டினத்தில் உப்பளத் தொழிலாளர் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



காலையில் உப்பளத்துப் பக்கம் போனேன். வரப்பில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம், "வாரத்தில் ஒருநாள் ஓய்வு உண்டா, அண்ணாச்சி?" என்று கேட்டேன். "அதெல்லாம் அவங்க மனசு" என்றார். சட்டத்தில் இருக்கிறதே என்றேன். "சட்டம் அளத்துக்குள்ள இறங்கி நான் பார்த்ததில்லையே" என்று சிரித்தார்.

அது வேடிக்கைப் பேச்சல்ல. ஆலைகளில் வாரம் ஒருநாள் ஓய்வு விடவேண்டுமென்று வெள்ளைக்கார சர்க்கார் 1891லேயே சட்டம் எழுதிற்று. அப்படியிருக்க, 1908ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகள் கேட்டது என்ன? கூலி உயர்வோடு, அதே வார ஓய்வைத்தான்! பதினேழு வருஷம் அந்தச் சட்டம் காகிதத்தில் தூங்கியிருக்கிறது.

1908 பிப்ரவரி 27ந் தேதி மில் நின்றது. வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முன்நின்றார்கள். ஊரார் பணம் திரட்டிச் சோறு போட்டார்கள். தொழிலாளர் பக்கம் பேசாத ஒரு வக்கீலுக்கு நாவிதத் தோழர் பாதிச் சவரத்தோடு கத்தியை மடித்துவிட்டாராம். (மீதிப் பாதிக்கு அவர் எங்கே போனாரோ!) ஒன்பது நாளில் முதலாளி இறங்கி வந்தார். கூலி நூற்றுக்கு 50 உயர்ந்தது, ஞாயிறு ஓய்வு வந்தது, வேலை நேரம் குறைந்தது. வேலை நிறுத்தமே நடக்காத மற்ற வெள்ளைக்காரக் கம்பெனிகளிலும் கூலி கூடிற்று, மரியாதையும் கூடிற்று.

நான் கேட்கிறேன்: அந்த மனசு எந்தக் கோயிலில் தேங்காய் உடைத்து இளகியது? முதலாளி அவரேதான், இயந்திரமும் அதுவேதான். கை நின்றால் சக்கரம் நிற்கும் என்பதை இரு தரப்பாரும் கண்ணால் பார்த்துவிட்டார்கள், அவ்வளவே. தொழிலாளியும் மாறிவிட்டான். மார்ச் 12ல் சிதம்பரனாரைப் பிடித்ததும், அதே ஆட்கள் கூலிக்காக அல்லாமல் அவருக்காக வேலையை விட்டு வெளியே வந்தார்கள்.

ஆனால் ஒரு குறையை மறைக்கமாட்டேன். தலைவர் சிறைக்குப் போனபோது, பெற்றதைக் காவல் காக்க அங்கே நிலையான சங்கம் இல்லை. 1918 ஏப்ரல் 27ல்தான் சென்னையில் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அதன்மேல் ஆலைக்காரர் வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கு கிளப்பிய கூச்சலின் பின்னரே 1926ல் சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது.

காலையில் பார்த்த அண்ணாச்சி முன்வரிசையில் இருக்கிறார். வரும்போதே, "சந்தா எவ்வளவு?" என்று காதோடு கேட்டார். அந்தக் கணக்கை இப்போதே பேசுவோம், யாரும் எழுந்து போகவேண்டாம்.