சாணியில் இருப்பது லட்சுமியா, மீத்தேனா?

(கூடங்குளம் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



அணு உலைக்குப் பக்கத்திலே குடியிருக்கும் உங்களுக்கு ஒரு சங்கதி சொல்லி ஆரம்பிக்கிறேன். 2022-ல் குஜராத்தில் தாபி மாவட்ட நீதிமன்றம், மாடு கடத்திய வழக்கொன்றில் கொடுத்த தீர்ப்பிலே, பசுஞ்சாணி பூசிய வீட்டை அணுக்கதிர் தாக்காது என்று விஞ்ஞானம் நிரூபித்துவிட்டதாக எழுதியிருக்கிறது. இது ஏதோ புராணப் பிரசங்கத்தில் அளந்ததல்ல. ஒரு மனிதனுக்கு ஆயுள் தண்டனை கொடுத்த தீர்ப்பில் உள்ளது. அப்படியானால், அதோ தெரிகிற உலைகளுக்கு ஏன் இரட்டைக் கான்கிரீட் சுவர் எழுப்பினார்கள்? இடிந்தகரையில் 2011-ல் ஏழை எளியவர்கள் ஏன் பட்டினி கிடந்து போராடினார்கள்? நாலு கூடை சாணி கரைத்துப் பூசியிருந்தால் தீர்ந்ததே!

நான் சாணியை இழிவாகப் பேச வரவில்லை. சாணிக்கு உண்மையான பெருமை ஒன்று உண்டு. அதைப் பூசை செய்கிறவர்கள்தான் அறியவில்லை. சாணியைத் தண்ணீரில் கரைத்துக் காற்றுப் புகாத தொட்டியில் அடைத்து வைத்தால், கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதைத் தின்று வாயு விடுகின்றன. அந்த வாயுவில் நூற்றுக்கு 60 பங்கு போல மீத்தேன். மீதி பெரும்பாலும் கரியமில வாயு. பசுஞ்சாணியா, எருமைச் சாணியா, பன்றி விட்டையா என்று கிருமி பார்ப்பதில்லை. எல்லாவற்றிலிருந்தும் ஒரே வாயுதான். பின்னை எருமைக்கு மட்டும் ஏன் பூசையில்லை? கறுப்பாய் இருப்பதாலா?

25 கிலோ சாணியிலிருந்து சுமார் ஒரு கன மீட்டர் வாயு வரும். அதை எஞ்சினில் எரித்தால் ஒன்றரை யூனிட் மின்சாரம் தேறும். ஆனால் எரிக்காமலே மின்சாரம் எடுக்கும் கருவி ஒன்று இருக்கிறது. திட ஆக்சைடு எரிபொருள் மின்கலம் என்று அதற்குப் பெயர். சிர்கோனியா என்ற பொருளைப் பீங்கான் போலத் தகடாகச் சுட்டு, ஒரு பக்கம் வாயுவையும் மறு பக்கம் காற்றையும் விடுகிறார்கள். எழுநூறு, எண்ணூறு டிகிரி சூட்டிலே, காற்றிலுள்ள பிராணவாயு மின்னேற்றம் பெற்றுத் தகட்டை ஊடுருவிப் போய் எரிவாயுவோடு சேருகிறது. அப்போது விடுபடும் எலெக்ட்ரான்கள் கம்பி வழியே சுற்றி வருகின்றன, அதுதான் மின்சாரம். சுடர் இல்லை, சுழலும் சக்கரம் இல்லை. அதே ஒரு கன மீட்டருக்கு மூன்று யூனிட் வரை கிடைக்கும். மற்ற மின்கலங்கள் பலவற்றுக்குச் சுத்தமான ஹைட்ரஜன் வேண்டும். இது மீத்தேனைத் தன் சூட்டிலேயே உடைத்துக்கொள்ளும்.

1937-லேயே பௌர், பிரைஸ் என்பவர்கள் ஐரோப்பாவில் இதைச் செய்து பார்த்தார்கள். திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் படித்த கே. ஆர். ஸ்ரீதர், செவ்வாய் கிரகத்துக் காற்றிலிருந்து பிராணவாயு எடுக்கும் ஆராய்ச்சியில் இறங்கி, பிறகு அதே வழியைத் திருப்பிப் போட்டு 2001-ல் அமெரிக்காவில் இதற்கென ஒரு கம்பெனி தொடங்கினார். சிர்கோனியா செய்யும் சிர்க்கான் மணல் எங்கே என்கிறீர்கள்? மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கிறது. உங்கள் காலடி மண்!

ஆனால், தோழர்களே, வீட்டுக்கு வீடு இதை வாங்கலாம் என்று ஆசை காட்டமாட்டேன். விலை அதிகம். அடிக்கடி அணைத்து ஏற்றினால் தகடு விரிசல் விடும். எல்லாவற்றையும்விட, சாணி வாயுவில் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு கலந்திருக்கிறது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலே தகட்டின் மேலுள்ள நிக்கல் கெட்டுப்போகும். ஆகவே வாயுவை இரும்புத் துரு முதலியவற்றின் வழியே செலுத்திக் கழுவிய பிறகே உள்ளே விடுகிறார்கள்.

இந்த இடத்தில்தான் என் நெஞ்சு பொறுக்கவில்லை. அதே நச்சுவாயுதான் மலக்குழியில் நிற்கிறது. பத்து லட்சத்தில் 500 பங்கு ஆனால் ஆள் விழுவான். அதற்கு முன்பே மூக்கு மரத்துவிடுவதால் நாற்றமும் எச்சரிக்காது. ஒரு நிக்கல் தகட்டுக்கு ஆகாது என்று இவ்வளவு பாடுபட்டுக் கழுவுகிற நாம், மனிதனை மட்டும் கயிறு கட்டி அதற்குள் இறக்குகிறோம்! எந்த மனிதனை? அக்கிரகாரத்திலிருந்து ஒருவனாவது இறங்கியதுண்டா? 2013-ல் சட்டம் செய்தாகிவிட்டது. இறந்தவன் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிற்று. 2023-ல் அதையே 30 லட்சமாக்கிற்று. தொகை ஏறுகிறதே தவிர இறங்குகிற சாதி மாறவில்லை.

மாட்டு மூத்திரத்தைக் குடிக்கிறவன், மனித மலத்தை அள்ளுகிறவனைத் தொட்டால் தீட்டு என்கிறான். ஆனால் தொட்டிக்குள் அடைத்தால் இரண்டிலிருந்தும் வருவது ஒரே மீத்தேன். 1897-லேயே பம்பாய் மாதுங்காவில் தொழுநோயாளர் விடுதியின் மலத்திலிருந்து வாயு பிடித்து உபயோகித்திருக்கிறார்கள்.

அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள்: நமதூர் மலக்குழி கழுவ இயந்திரம் உண்டா? இல்லையென்றால் இறங்குகிறவன் எந்தத் தெருக்காரன்? மாட்டுத் தொழுவத்துக்கும் பொதுக் கக்கூசுக்குமாக ஒரு வாயுத் தொட்டி கட்ட என்ன செலவாகும்? மின்கலம் விலை இறங்கும்போது வரட்டும். அதுவரை அந்த வாயுவில் பள்ளிக்கூடத்துச் சத்துணவு அடுப்பு எரியட்டும். அந்த அடுப்பில் வெந்த சோறு தீட்டு என்று யாராவது சொன்னால், சொன்னவர் பெயரைத் தவறாமல் நமது பத்திரிகைக்கு எழுதியனுப்புங்கள்.