புதுக்கோட்டையில் ஒரு கல்லூரி வாசல்



டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் 1954-இல் அடையாற்றில் தொடங்கப்பெற்ற புற்றுநோய் மருத்துவமனையையே முதலில் கூறுவர். நாம் அவருடைய இளமைக்குச் செல்ல விரும்புகின்றோம்.

1886 ஜூலை 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். பருவமெய்தியதும் பள்ளி நின்றது. அந்நாளைய வழக்கம் அது. படிப்பு நிற்கவில்லை. வீட்டிலேயே பயின்று, தனித்தேர்வராக மெட்ரிகுலேஷன் தேறினார்.

அடுத்து, ஆண்களே பயின்ற மகாராஜா கல்லூரியில் இடம் கேட்டார். எதிர்ப்பு மூண்டது. பெண் என்பது ஒரு காரணம். தாயின் பிறப்பு மற்றொன்று. அவர் வந்தால் மாணவர்களின் ஒழுக்கம் கெடும் என்றனர். கல்லூரி முதல்வராயிருந்தவரின் மகளுக்கே இந்நிலை! மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாது இடமளித்தார்.

அவர் நம்மவர் அல்லர். அவரை நம்மவராக்கிக் கொள்ளும் எண்ணமும் நமக்கில்லை. ஆயினும், 'இந்தப் பிள்ளை வந்தால் எங்கள் பிள்ளைகள் கெட்டுப்போவர்' என்ற சொல்லை நம் பாட்டன்மார் பள்ளி வாசலில் நின்று கேட்டவர்கள்.

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றார். அங்குப் பயின்ற முதற்பெண் அவரே எனச் சிலர் எழுதுகின்றனர், அது பிழை. 1875-இலேயே மேரி ஷார்லீப் உள்ளிட்ட நால்வர் அங்குச் சேர்ந்துள்ளனர். முதல்வர் என்ற பட்டமின்றியும் அவர் பெருமை குறையாது.

நம் மனத்தை உறுத்துவது வேறொன்று. பள்ளி நின்றபோது அவருக்குக் கற்பிக்க வீட்டில் கற்ற தந்தை இருந்தார். மந்தாரக்குப்பத்தில் நம் பெற்றோருள் பலர் சுரங்கத்தில் ஒப்பந்தக் கூலிகள். விடியுமுன் புறப்பட்டு இருட்டிய பின் திரும்புவோர். தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளப் பத்தாம் வகுப்போடு மூத்த மகளை நிறுத்துகின்றனர். அவர்களை நாம் பழிக்கவில்லை. நாராயணசாமி ஐயர் தம் மகளுக்குச் செய்ததை இப்பிள்ளைகளுக்குச் செய்யவே இச்சங்கம் மாலை வகுப்பை நடத்துகின்றது.

மகளை நிறுத்த எண்ணியிருக்கும் பெற்றோர் இவ்வவையில் இருப்பின், மாற்றுச் சான்றிதழ் வாங்குமுன் ஒருமுறை நம் அலுவலகத்திற்கு வாருங்கள். கட்டணத்தைப் பற்றியும் பேசுவோம்; கைக்குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்பதைப் பற்றியும் பேசுவோம்.