புதுக் கணினிக்கு எந்த மென்பொருள்?
(சங்க மண்டபத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வீட்டுக்கு ஒரு கணினி வாங்குவது பலருக்கும் பெருஞ் செலவு. சீட்டுக் காசு எடுத்து வாங்குவோரும் உளர். பெட்டியைத் தெரிவதற்குப் பத்துக் கடை ஏறி இறங்குகின்றோம். ஆயின், கடிதம் எழுதவும் கணக்குப் பதியவும் வேண்டிய மென்பொருளைத் தெரியும் பொறுப்பை விற்பவரிடமே விட்டுவிடுகின்றோம். இது தகுமா?

எமது அனுபவத்தை முதலிற் கூறுவோம். சில ஆண்டுகளின் முன் சங்கத்துக்கு ஒரு கணினி வாங்கினோம். “எல்லாம் போட்டுத் தந்திருக்கிறேன், அதற்குக் காசு வேண்டாம்” என்றார் கடைக்காரர். மகிழ்ந்தோம். அது அனுமதியின்றிப் பிரதிசெய்யப்பட்டதென்பதைப் பின்னரே அறிந்தோம். “அறம் பேசும் நாம் அறிக்கை எழுதுவது களவுப் பொருளினாலா?” என்று இளைஞர் ஒருவர் கூட்டத்தில் எழுந்து கேட்டபோது எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. அன்றே அதனை நீக்கினோம். நேரிய வழி யாது எனத் தேடத் தொடங்கியதும் அன்றே.

நேரிய வழிகள் மூன்று உள.

முதலாவது, பணங் கொடுத்துப் பெறுவது. மைக்ரோசொப்ட் 365 என்பதற்கு மாதந்தோறுமோ ஆண்டுதோறுமோ சந்தா செலுத்த வேண்டும். அதன் குடும்பச் சந்தாவை ஆறு பேர் வரை பயன்படுத்தலாம். சந்தா தவறினால் கணினியிலுள்ள பழைய கடிதத்தை வாசிக்கலாம், அச்சிடலாம், திருத்த முடியாது. ஒரே முறை விலைகொடுத்து வாங்கும் பதிப்புகளும் உண்டு. அவற்றுக்கும் ஆயுள் எல்லை உண்டு. 2016, 2019 ஆம் ஆண்டுப் பதிப்புகளுக்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவடைந்தது.

இரண்டாவது, கூகிள் டொக்ஸ் போன்று இணையத்தின் வழியே இலவசமாகக் கிடைப்பவை. பலர் கூடி ஒரே அறிக்கையை எழுதுவதற்கு இவை மிக வாய்ப்பானவை. ஆனால், முன்னேற்பாடு இல்லையேல், இணையம் நின்றால் வேலையும் நிற்கும்.

மூன்றாவது, லிப்ரே ஒபிஸ். ஜேர்மனியிற் பிறந்த ஸ்டார் ஒபிஸ் என்பதை 1999 இல் சன் நிறுவனம் வாங்கி, 2000 இல் அதன் மூலநிரலை எவருக்கும் திறந்துவிட்டது. அவ்வழி வந்த ஓபின் ஒபிஸிலிருந்து 2010 இற் பிரிந்ததே இது. விலையில்லை, எத்தனை கணினியிலும் இடலாம், பிறருக்குக் கொடுத்தாலும் குற்றமில்லை. இணையமின்றி இயங்கும், அதன் கட்டளைகளைத் தமிழிலும் காணலாம். குறையும் உண்டு. வேர்ட்டில் எழுதிய சிக்கலான பத்திரங்களின் அமைப்பு இதிற் சற்றே குலையலாம். எக்செல்லின் மக்ரோக்கள் எல்லாம் இயங்கா.

எனவே, மென்பொருளின் பெயரைக் கேட்குமுன் வேலையைக் கேளுங்கள். அலுவலகமோ பாடசாலையோ வேர்ட், எக்செல் கோப்புகளையே கண்டிப்பாய்க் கேட்குமாயின் சந்தா கட்டுவது வீண்செலவன்று. கடிதம், கட்டுரை, வீட்டுக் கணக்கு ஆகியவையே வேலையாயின், இலவசமானதை ஒரு மாதம் பழகிப் பாருங்கள். போதாதெனக் கண்டபின் வாங்கலாம். பிறருக்கு அனுப்பும் முடிந்த பிரதியைப் பீடிஎப் ஆக்கி அனுப்பினால் அமைப்புக் குலையாது.

இறுதியாக ஒன்று. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் எழுதிய எமது கூட்டக் குறிப்புகளை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே திறந்தபோது, தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக் குவியலையே கண்டோம். ஆகையால் எந்த மென்பொருளைக் கொண்டாலும் தமிழை யுனிகோட்டில் எழுதுங்கள். வேறோரிடத்திலும் ஒரு பிரதி வையுங்கள்.

கணினி பழுதாகும், மென்பொருள் மாறும். எழுதியது எம் பிள்ளைகளின் கைக்கு வாசிக்கும் நிலையிற் போய்ச் சேரவேண்டும். அதனை நேர்மையான வழியில் எழுதினோம் என்று அவர்களிடம் சொல்லவும் எம்மால் இயலவேண்டும்.