கிரேக்கக் காவியமும் நம் பாணரும்



இலியட், ஒடிசி ஆகியன ஹோமர் பாடியனவாகக் கூறப்படும் கிரேக்கக் காவியங்கள். ஏறத்தாழ 2,700 ஆண்டுப் பழைமை உடையன. போர் முடிந்தபின் பத்தாண்டுகள் கழித்தே வீடு சேர்ந்த ஒடிசியசின் கடற்கதை, இராமேசுவரக் கரையில் வாழும் நமக்கு அயலானதன்று.

இக்காவியங்களோடு சங்கப் பாடல்களை ஒப்பிட்டு ஆராய்ந்தவர் ஈழத்துப் பேராசிரியர் க. கைலாசபதி. அவர்தம் ஆங்கில நூல் 1968-இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக வந்தது. உயிரினும் புகழைப் பெரிதென மதித்தலும், விருந்தோம்பலும், புகழைப் பாடிக் காக்கும் பாணரைப் போற்றலும் இரு நாட்டார்க்கும் பொதுவாயிருந்தன.

ஒடிசியில் கண்ணிழந்த பாணன் ஒருவனுக்கு அரசவையில் வெள்ளி ஆணி பதித்த இருக்கை இடப்படுகிறது. பன்றி மேய்க்கும் அடிமை யூமேயசு, பிச்சைக்காரன் வடிவில் வந்தவனுக்கு உணவும் போர்வையும் அளிக்கிறான். அவனைக் கவிஞரே 'நீ' என்று பரிவுடன் விளித்துப் பாடுகிறார். பண்பு பிறப்பில் இல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எனினும், இலியட்டில் ஒரு காட்சி நம் நெஞ்சை உறுத்துகிறது. படைத்தலைவன் அகமெம்னனின் பேராசையை வீரன் அக்கிலிசு கண்டித்தான், அது வீரமாயிற்று. ஏறத்தாழ அதே கண்டனத்தை எளியவன் தெர்சைட்டீசு கூறினான், கோலால் அடிபட்டான். படையினர் நகைத்தனர். சொல் ஒன்றே, சொன்னவன் நிலைதான் வேறு!

நம் நாட்டிலும் இது நிகழ்ந்தது. துடியன், பாணன், பறையன், கடம்பன் ஆகிய நால்வரையன்றி வேறு குடியில்லை என்று மாங்குடி கிழார் புறநானூற்றில் பாடினார். அத்தகைய பாணர் மரபில் வந்த திருப்பாணாழ்வார், திருவரங்கக் கோயிலுள் புக இயலாது காவிரிக்கரையில் நின்று பாடினார் என வைணவ மரபு கூறுகிறது. பாட்டைப் போற்றிய சமுதாயமே பாடியவனை வெளியே நிறுத்தியது.

இளைஞர்களே! அன்று தெர்சைட்டீசின் நாவுக்குக் காவல் இல்லை. இன்று, 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் நம் பேச்சுரிமைக்குக் காவலாய் உள்ளது. ஆயினும், உரிமை மட்டும் போதாது. அவையில் நின்று அஞ்சாது உரைக்கக் கல்வி வேண்டும். அதற்காகவே இச்சங்கம் 25 ஆண்டுகள் உழைத்துள்ளது. வாளால் வந்த புகழும் பாணன் சொல்லால்தான் நின்றது. அச்சொல் நம் முன்னோர் சொத்து. கற்று அதனை மீட்போம்!